குக்கீயின் அடிப்பக்கம்

குக்கீ செய்யப் பழகுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "முதல்ல எதை வாங்கட்டும்?" கேட்கும்போதே அவர்கள் மனதில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்க மிக்ஸர், மாவை உருண்டையாக அள்ளிப் போடும் ஸ்கூப், நட்சத்திரம், இதயம் என்று விதவிதமான அச்சுகள். நான் சொல்லும் பதில் அவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. பூச்சு எதுவும் இல்லாத, கொஞ்சம் கனமான, வெள்ளை வெளேரென்ற அலுமினிய டிரே. "டிரேயா? அதான் ஓவனோடவே வந்துச்சே" என்பார்கள். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எனக்குள் மட்டும் முடிவதில்லை. ஓவனோடு வந்த அந்தக் கறுப்பு டிரேதான் பலருக்குக் குக்கீயின் மேல் ஆசையே விட்டுப்போகக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எந்தச் செய்முறையை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். வெண்ணெய் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும். மாவை எவ்வளவு நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், முட்டை குளிர்ச்சியாக இருக்கலாமா என்றெல்லாம் விளக்கம் இருக்கும். கடைசியில் ஒரே ஒரு வரி: டிரேயில் இடைவெளி விட்டு அடுக்கி 180 டிகிரியில் 12 நிமிடம் வைக்கவும். எந்த டிரே? அது எதனால் ஆனது, என்ன நிறம், எவ்வளவு தடிமன்? ஒன்றும் இருக்காது. எழுதியவர் தன் வீட்டு டிரேயில் செய்து பார்த்துத்தான் அந்த 12 நிமிடத்தை எழுதியிருக்கிறார். அந்த நேரம் அந்த டிரேக்குச் சொந்தமானது. வேறொரு டிரேயில் அதே மாவுக்கு 9 நிமிடமே கூடுதலாக இருக்கலாம். செய்முறையை வரிக்கு வரி பின்பற்றியவர், அடி கருகி நடு வேகாமல் வந்ததைப் பார்த்துவிட்டு, தனக்குக் கைப்பக்குவம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். எனக்கு வருத்தம் தருவது இந்த முடிவுதான். கைப்பக்குவத்துக்கும் அந்தக் கருகலுக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரே மாவு, இரண்டு டிரே

என் மனதில் இது அழுத்தமாகப் பதிந்தது ஒரு சாயங்காலம். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்த சாக்லேட் குக்கீ மாவு கையில் இருந்தது. ஓவனோடு வந்த நான்ஸ்டிக் டிரே ஒன்று, தோழி ஒருத்தி கொடுத்த சின்ன அலுமினிய டிரே ஒன்று. இரண்டும் ஒரே அளவு, ஒரே அடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். அவசரமாகக் குக்கீ வேண்டியிருந்ததால்தான் இரண்டையும் சேர்த்து வைத்தேன், சோதனை செய்யும் எண்ணமெல்லாம் இல்லை. உருண்டைகளை மட்டும் வழக்கம்போல எடை போட்டு ஒவ்வொன்றும் 40 கிராமாக எடுத்திருந்தேன். அதனால் பிறகு தெரிந்த வித்தியாசத்துக்கு மாவையோ உருண்டையையோ காரணம் சொல்ல வழியில்லாமல் போனது.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் சில நிமிடங்கள் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. உருண்டைகளின் மேல் மினுமினுப்பு வந்தது, தோள் தளர்ந்து மெல்லப் படர ஆரம்பித்தன. பாதி நேரம் தாண்டியதும் பாதை பிரிந்தது. கறுப்பு டிரேயில் இருந்தவற்றின் ஓரத்தில், தரையைத் தொடும் இடத்தில், மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று விழுந்தது. நடுவிலோ மாவு இன்னும் ஈரமாகப் பளபளத்தது. அலுமினிய டிரேயில் அந்தக் கோடு இல்லை. ஓரம் மட்டும் மங்கலாகி இறுக ஆரம்பித்திருந்தது. வெளியே எடுத்தபோது மேலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, இரண்டுமே நல்ல பொன்னிறம். கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒன்றின் அடி, விளிம்பில் கருங்காப்பி நிறம், நடுவே அடர்பழுப்பு, தொட்டால் கண்ணாடி மாதிரி வழவழப்பு. இன்னொன்றின் அடி ஓரத்திலிருந்து நடுவரை ஒரே சீரான தேன் நிறம், சிறுசிறு துளைகளோடு.

தங்கை இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துக் கடித்தாள். "அக்கா, ரெண்டும் வேற வேற மாவா? இதுல வெண்ணெய் வாசம் வருதே, அதுல ஏன் வரல?" என்றாள். நானும் கடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கறுப்பு டிரேயில் வெந்ததில் முதலில் நாக்கில் படுவது கசப்பு. அந்தக் கசப்பு தாண்டித்தான் இனிப்பு வருகிறது, வெண்ணெய் வந்து சேர்வதே இல்லை. ஒரே பாத்திரத்தில் பிசைந்த மாவு, ஒரே ஓவன், ஒரே நேரம். மாறியது அடியில் இருந்த ஒரு தகடு மட்டும்.

அந்தத் தகடு என்ன செய்கிறது

ஓவனுக்குள் சூடு மூன்று வழியாக வருகிறது. சுற்றும் காற்று கொண்டுவருவது ஒன்று, சூடான சுவர்களும் கம்பிகளும் வீசும் கதிர்வீச்சு ஒன்று, தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் கடத்துவது ஒன்று. குக்கீயின் மேல்பக்கத்துக்கு முதல் இரண்டும்தான். அடிப்பக்கத்துக்கு மூன்றாவது. அதாவது அடிப்பக்கம் ஓவனையே பார்ப்பதில்லை, அது பார்ப்பது டிரேயை மட்டும். டிரேயின் கீழ்ப்பரப்போ ஓவனின் அடிக் கம்பியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து வரும் கதிர்வீச்சில் பெரும்பங்கைப் பளபளப்பான அலுமினியம் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புப் பூச்சு பெரும்பங்கை உள்ளே வாங்கிக்கொள்ளும். வெயிலில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதனால்தான் அடர்நிற டிரே என்றால் வெப்பத்தை 25 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸ், குறைக்கச் சொல்கிறார்கள். டிரே வாங்கும்போது கூட வரும் துண்டுச் சீட்டில் சில சமயம் இது இருக்கும். யார் படிக்கிறார்கள்?

நிறம் பாதிக் கதை. மீதிப் பாதி உலோகம். சூட்டைக் கடத்தும் திறனில் தூய அலுமினியத்தின் எண் சுமார் 237, சாதாரண கார்பன் ஸ்டீலுக்கு 50 பக்கம், எவர்சில்வருக்கு 15 பக்கம். டிரேக்களில் வருவது கலப்பு அலுமினியம், அதனால் எண் கொஞ்சம் குறையும். ஆனாலும் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்குக் குறையாது. ஓவன் எதுவும் எல்லா மூலையிலும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. பின்மூலை கொதிக்கும், கதவுப்பக்கம் தணிந்திருக்கும். நன்றாகக் கடத்தும் உலோகம் அந்த மேடு பள்ளங்களைத் தனக்குள்ளேயே பரப்பிச் சமன் செய்துவிடும். கடத்தாத உலோகத்தில் சூடு விழுந்த இடத்திலேயே தங்கும். டிரேயின் பின்வரிசையில் இருப்பது கருகி, முன்வரிசையில் இருப்பது வெளுத்து வருவது இதனால்தான். எவர்சில்வர் டிரே பளபளப்பாக இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான். பளபளப்பு மட்டும் போதாது.

இதைக் குக்கீயின் பக்கம் நின்று யோசித்தால் இன்னும் தெளிவாகும். உள்ளே நடக்கும் காரியங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. 32லிருந்து 35 டிகிரிக்குள் வெண்ணெய் உருகி மாவு படரத் தொடங்கும். 60ஐத் தாண்டியதும் முட்டை கெட்டிப்படத் தொடங்கி, படர்வதற்கு மெல்ல மெல்லக் கடிவாளம் விழும். பரப்பில் இருக்கும் ஈரம் ஆவியான பிறகுதான் அங்கே சூடு 100ஐத் தாண்டி ஏறும். 140 வாக்கில் மாவிலும் முட்டையிலும் இருக்கும் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கும் மயார் வினை வேகம் பிடிக்கும். 160ஐத் தாண்டினால் சர்க்கரையே கேரமலாக மாறத் தொடங்கும். அதற்கும் மேலே போனால் கசப்பு. மேல்பக்கமும் அடிப்பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இந்தப் படிகளைக் கடந்தால் நல்ல குக்கீ. கறுப்பு டிரேயில் அடிப்பக்கம் முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது. அடி கசப்புக்குப் போகும்போது நடு இன்னும் முட்டை கெட்டிப்படும் கட்டத்தில் நிற்கிறது. அப்போது உங்கள் முன் இரண்டே வழிகள்தான்: இப்போதே எடுத்தால் நடு பச்சை மாவு, காத்திருந்தால் அடி கரி. நடு மெத்தென்றும் ஓரம் மொறுமொறுப்பாகவும் வரும் அந்தக் குறுகிய இடைவெளியே இல்லாமல் போகிறது. வெளிர் அலுமினியத்தில் அந்த இடைவெளி இரண்டு மூன்று நிமிடம் நீளும். எப்போது எடுப்பது என்று முடிவெடுக்கும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. இந்த டிரேமேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு முழுக் காரணம் அந்த இரண்டு மூன்று நிமிடம்தான்.

கனம், விளிம்பு, ஒரு சின்ன வரலாறு

மெல்லிய டிரேக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சூடான ஓவனுக்குள் "டங்" என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். தகடு ஒரு பக்கம் வேகமாகச் சூடேறி விரிய, இன்னொரு பக்கம் விரியாமல் நிற்க, நடுவில் முறுக்கிக்கொள்ளும் சத்தம் அது. டிரே நெளிந்தால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும், உருகும் வெண்ணெய் பள்ளத்தைப் பார்த்து ஓடும், வட்டமாக வைத்த குக்கீ நீள்வட்டமாகும். கனத்தை கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தடிமன் கூடும். அலுமினியத்தில் 18 கேஜ் என்றால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். வீட்டுக்கு அது தாராளம். ஓரத்தை மடித்து உள்ளே கம்பி வைத்துச் சுருட்டியிருந்தால் இன்னும் நல்லது, நெளிவது வெகுவாகக் குறையும். விளிம்பு ஓர் அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டாம். கேக் டின் மாதிரி உயர்ந்த சுவர் இருந்தால் ஓரக் குக்கீகளுக்கு மேல் சூடு சரியாகப் போய்ச் சேராது.

இவ்வளவு நல்ல உலோகம் இவ்வளவு சாதாரணமாகக் கிடைக்கிறதே என்று எனக்குச் சில சமயம் வியப்பாக இருக்கும். ஒரு காலத்தில் அலுமினியம் அரிதான உலோகம். 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணைக் கட்டி முடித்தபோது, அதன் உச்சியில் கௌரவமாக வைத்தது அலுமினியத்தில் வார்த்த ஒரு சின்னப் பிரமிடைத்தான். இரண்டே ஆண்டில், 1886இல், அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே மின்பகுப்பு முறையைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு அதன் விலை சரிந்து, தூண் உச்சியில் இருந்த உலோகம் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தது. அப்படி வந்ததை நாம் இன்று "வெறும் அலுமினியம்தானே" என்று ஒதுக்கிவிட்டுக் கறுப்புப் பூச்சைத் தேடிப் போகிறோம்.

இரண்டாவது ஈடு

முதல் ஈடு அழகாக வந்து, இரண்டாவது ஈடு அப்பளமாகப் படர்ந்துபோன அனுபவம் இல்லாதவர்கள் குறைவு. அதற்கும் டிரேதான் காரணம். ஓவனிலிருந்து வந்த சூட்டோடு டிரேயில் மாவை வைத்தால், ஓவனுக்குள் போவதற்கு முன்பே வெண்ணெய் உருக ஆரம்பித்துவிடும். முட்டை இறுகிப் பிடிக்கும் நேரத்தில் மாவு ஏற்கனவே படர்ந்து முடிந்திருக்கும். அதனால்தான் ஒரு டிரே வாங்குகிறவர்களிடம் இரண்டாக வாங்குங்கள் என்கிறேன். ஒன்று வேகும்போது இன்னொன்று ஆறும். அலுமினியம் வாங்கிய வேகத்திலேயே சூட்டை விட்டுவிடும் என்பதால், அடுத்த ஈடு வெந்து வருவதற்குள் உள்ளங்கை வைத்துத் தொடும் அளவுக்கு ஆறியிருக்கும். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரில் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொதிக்கும் தகட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் நல்ல டிரேகூட நெளியும். அதைச் செய்யாதீர்கள்.

டிரேமேல் எண்ணெயோ வெண்ணெயோ தடவுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வழுக்கும் பரப்பில் மாவு பிடிமானம் இல்லாமல் கூடுதலாகப் படரும். ஓவன் சூட்டைத் தாங்கும், மாவு ஒட்டாத பார்ச்மென்ட் பேப்பர் ஒன்று விரித்தால் போதும். மெழுகு பூசிய பேப்பர் வேறு, அது ஓவன் சூட்டில் உருகிப் புகையும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் அட்டைப்பெட்டியில் ஓவனுக்கு ஏற்றதா என்று படித்துவிட்டு வாங்குவது நல்லது. சிலிகோன் விரிப்பைப் பலர் புகழ்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அதன்மேல் குக்கீ சற்று அதிகமாகப் படர்கிறது, அடி சிவக்கத் தயங்குகிறது. அடி சிவப்பதற்காகத்தானே நல்ல டிரே வாங்கினோம்?

பேப்பரில் இன்னொரு வசதி உண்டு. குக்கீ வெளியே வந்த பிறகும் டிரேயின் சூட்டில் வெந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டை எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதை நாமே தீர்மானிக்கலாம். மெத்தென்று வேண்டுமானால், விரல் பட்டால் உடையாத அளவுக்கு இறுகியதுமே பேப்பரோடு இழுத்துக் கம்பித்தட்டில் விட்டுவிடுவேன். மொறுமொறுப்பாக வேண்டுமானால் டிரேயிலேயே ஐந்தாறு நிமிடம் கிடக்கட்டும் என்று விடுவேன். ஒரே ஈட்டில் பாதியை இப்படி, பாதியை அப்படி எடுத்தால் வீட்டில் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் சமாதானம்.

நிறம் மாறும் டிரே

புதிதில் வெள்ளி மாதிரி இருக்கும் டிரே, நாளாக ஆக மூலைகளில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, அங்கங்கே திட்டுத்திட்டாகும். சூட்டில் இறுகிய எண்ணெய்ப் படலம் அது. அழுக்கு இல்லை, ஆபத்தும் இல்லை. இரும்பு நாரை எடுத்து மல்லுக்கட்ட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் முழு டிரேயும் அடர்பழுப்பாகிவிட்டால் அதுவும் கறுப்பு டிரே மாதிரியே சூட்டை வாங்க ஆரம்பிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய டிரேயில் முன்பைவிடச் சீக்கிரம் சிவக்கிறதே என்று தோன்றினால் அது பிரமை இல்லை. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மட்டும் போடக்கூடாது. அதன் காரமான சோப்பு, அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை அரித்து, தொட்டால் கையில் ஒட்டும் சாம்பல் நிறமாக்கிவிடும். எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்பான பொருள்களையும் நேரடியாக அதன்மேல் வைப்பதில்லை. அவற்றின் அமிலத்துக்கும் அதே குணம்தான்.

கறுப்பு டிரேயை நான் தூக்கி எறியவில்லை. அடி முறுகலாக வர வேண்டிய பீட்சாவுக்கும், வறுத்தெடுக்கும் காய்களுக்கும் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அங்கே அதன் அவசரம் வேலைக்கு உதவுகிறது. நடுவில் காற்று வைத்து இரட்டைத் தகட்டில் செய்த டிரேக்களும் இருக்கின்றன. அவற்றில் அடி கருகவே கருகாது, ஆனால் சிவக்கவும் சிவக்காது. குக்கீயின் அடி வெளுத்து மிருதுவாக இருப்பதுதான் பிடிக்கும் என்பவர்களுக்கு அது சரி. எனக்கு அந்தத் தேன் நிற அடிதான் வேண்டும்.

இப்போதைக்குக் கறுப்பு டிரேதான் கையில் இருக்கிறது என்றால், வெப்பத்தை 15 டிகிரி குறையுங்கள். டிரேயை ஓர் அடுக்கு மேலே ஏற்றி, அடிக் கம்பியிலிருந்து விலக்குங்கள். அதே அளவில் இன்னொரு டிரே இருந்தால் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மேலே மாவை அடுக்குங்கள், அடியில் ஏறும் சூடு தாமதமாகும். செய்முறையில் சொன்ன நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்னதாகவே ஒரு குக்கீயைக் கரண்டியால் மெல்லத் தூக்கி அடியைப் பாருங்கள். மேல்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். புதிதாக அலுமினிய டிரே வாங்குவதாக இருந்தால், கிளம்பும் முன் ஓவனின் உள் அகலத்தையும் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஹாஃப் ஷீட் எனப்படுவது 18க்கு 13 அங்குலம், சின்ன ஓவன்களில் அது நுழையாது. அதற்கு ஏறத்தாழ 13க்கு ஒன்பதரை அங்குலத்தில் குவார்ட்டர் ஷீட் இருக்கிறது. எதுவானாலும் டிரேயைச் சுற்றி நான்கு பக்கமும் காற்று போய்வர இரண்டு விரல் அகலமாவது மிச்சம் இருக்க வேண்டும்.